குழந்தை வண்டியும் பஸ் படியும்

கடைக்குள் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். வழுவழுப்பான தரை, மேடு பள்ளம் கிடையாது. விற்கிற பெண் சுண்டுவிரலால் தள்ளிக் காட்டுவாள். பிள்ளையை உட்காரவைத்தால் அதுவும் சிரிக்கும். அங்கேயே மனசு விழுந்து பணத்தைக் கட்டிவிடுவோம். வண்டியின் லட்சணம் மறுநாள் பாலராமபுரம் ஜங்ஷனில் பஸ் வந்து நிற்கும்போதுதான் தெரியும். ஒரு கையில் பிள்ளை, தோளில் பை, மற்றக் கையில் மடங்க மறுக்கிற வண்டி. பின்னால் ஏறக் காத்திருக்கும் பத்துப் பேர். மணிக்கயிற்றில் கை வைத்தபடி நம்மையே பார்க்கிற கண்டக்டர்.

அந்த அரை நிமிடத்துக்காகத்தான் இந்த அத்தியாயம். கோட்டுகால், காஞ்ஞிரங்குளம், திருப்புறம், பூவார், செங்கல், காரோடு, பாறசாலை என்று நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் எங்கே இருந்தாலும், சொந்தக் கார் இல்லாத வீட்டுக்கு இந்த அரை நிமிடம் உண்டு. நகரத்துப் பெற்றோருக்காக எழுதப்படும் புத்தகங்கள் சக்கரத்தில் தொடங்கும். நாம் படியில் தொடங்குவோம்.

முதலில் பெயர். ‘தள்ளுவண்டி’ என்றால் நம் ஊரில் கடலை வண்டியும் பழ வண்டியும்தான் நினைவுக்கு வரும். ‘பிராம்’ என்பது குழந்தையைப் படுக்கவைத்துத் தள்ளும் பெரிய தொட்டில் வண்டி. ‘ஸ்ட்ரோலர்’ உட்காரவைத்துத் தள்ளுவது. கடையில் இரண்டையும் கலந்து சொல்வார்கள். பிராம் நம் பஸ்ஸில் ஏறாது. அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டு ஸ்ட்ரோலருக்கு வருவோம்.

பிள்ளை பிறக்கும் முன்பே வாங்கி வைக்கிற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அவசரமே இல்லை. முதல் வருடத்தில் கைக்குழந்தையோடு நீங்கள் எங்கெல்லாம் போவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தடுப்பூசிக்கு 6, 10, 14ஆம் வாரங்களில் மூன்று தடவை, அப்புறம் 9ஆம் மாதம், அதற்குப் பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள். ஆக, முதல் மூன்று பயணமும் பிள்ளைக்கு நான்கு மாதம் ஆவதற்குள் முடிந்துவிடும். அந்த வயதில் தலை நிற்காது. நிமிர்ந்த இருக்கையில் வைத்தால் தாடை நெஞ்சில் இடித்து மூச்சு தடைப்படும். முழுக்கப் படுக்கிற இருக்கை வேண்டும். அப்படி இருக்கிற வண்டி கனமாக இருக்கும். கனமான வண்டி பஸ்ஸுக்கு ஆகாது. எந்தப் பக்கம் சுற்றினாலும் விடை ஒன்றுதான்: முதல் ஆறு மாதம் துணி.

துணிக்கு நாம் தூரம் போக வேண்டாம். தமிழ்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர் நெய்து பெயர் வாங்கிய பாலராமபுரம் கைத்தறி வேட்டி பக்கத்திலேயே கிடைக்கிறது. நாலைந்து தடவை துவைத்துப் பதமான வேட்டி, குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்ட அருமையான துணி. கட்டத் தெரிந்தவரிடம் ஒரு தடவை நேரில் பழகிக்கொள்ளுங்கள். கட்டிய பிறகு குழந்தையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூக்கைத் துணியோ உங்கள் உடம்போ மூடக் கூடாது. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். தலை குனிந்தால் அதன் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் இருக்க வேண்டும். தொளதொளவென்று தொங்கினால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். இந்தத் துணியை ஸ்ட்ரோலர் வாங்கிய பிறகும் எறிந்துவிடாதீர்கள். ரயில் ஏறும் இடத்தில் அதற்கு மறுபடி வேலை வரும்.

ஆறு ஏழு மாதத்தில் பிள்ளை தானாக உட்காரத் தொடங்கியதும் ஸ்ட்ரோலரின் காலம் தொடங்குகிறது. அப்போதும் அது எதற்கு என்று தெளிவாக இருங்கள். கோட்டுகாலிலிருந்து திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கும் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1952இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது; சிறு வயதிலேயே இறந்துபோன திருவிதாங்கூர் இளவரசர் அவிட்டம் திருநாளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தென் கேரளத்தின் பல ஊர்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவருகிற இடம். அங்கே வண்டியை உருட்டுகிற தூரம் கொஞ்சம்தான். ஓ.பி. சீட்டு எடுக்க நிற்பது, டாக்டரைப் பார்க்க உட்காருவது, ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது என்று காத்திருக்கிற நேரம்தான் அதிகம். ஒன்பது கிலோ பிள்ளையை மணிக்கணக்கில் ஒக்கலில் வைத்திருந்தால் மறுநாள் இடுப்பு எழும்பாது. நமக்கு ஸ்ட்ரோலர் என்பது கையோடு கொண்டுபோகிற ஒரு நாற்காலி, பிள்ளை தூங்கிவிட்டால் ஒரு சாய்வுக் கட்டில். உருளுவது அதற்குக் கூடுதல் வசதி.

இப்படிப் பார்த்தால் தேர்வு சுலபமாகிறது. சாய்வு நன்றாக இருக்க வேண்டும், மடிப்பு சுருக்கமாக இருக்க வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும். கோப்பை வைக்கிற தட்டு, பொம்மை தொங்குகிற கம்பி, கைப்பிடியைத் திருப்புகிற வசதி எல்லாம் வேண்டாம். ஒவ்வொன்றும் நூறு நூறு கிராமாக உங்கள் தோளில்தான் ஏறும்.

எடைக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஒரு வயதில் ஆண்பிள்ளையின் நடு எடை 9.6 கிலோ, பெண்பிள்ளைக்கு 8.9. இரண்டு வயதில் 12.2, 11.5. பையில் ஆறவைத்த தண்ணீர், ஏத்தங்காய்ப் பொடி காய்ச்சிய டப்பா, மாற்றுத் துணி, டயப்பர், ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாம் சேர்ந்து மூன்று கிலோ வரும். பிள்ளையும் பையும் மட்டுமே பன்னிரண்டு கிலோ. இதன் மேல் ஆறு கிலோ வண்டி என்றால் பதினெட்டு. பத்துக் கிலோ வண்டி என்றால் இருபத்திரண்டு. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பழகிய நமக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் போகிறவர்களுக்கு என் கணக்கு இதுதான்: ஏழு கிலோவுக்கு மேல் ஒரு கிராம் கூட வேண்டாம், ஆறுக்குள் கிடைத்தால் நல்லது. பெட்டியின் மேல் அச்சிட்ட எடையில் சில சமயம் கூரையும் கூடையும் சேர்ந்திராது. கடையில் ஒரு தராசு இருந்தால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. மூத்தவள் பிறந்தபோது துபாயிலிருந்து கொழுந்தன் ஒரு வண்டி கொண்டுவந்தார். மூன்று தடித்த டயர், காற்றடிக்கிற பம்பு, முன்னால் பிரேக், மொத்தம் பன்னிரண்டு கிலோவுக்கு மேல். ஊரே வந்து பார்த்தது. “இது வண்டியா, புல்லட்டா?” என்று மாமனார் கேட்டார். அதைத் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு நாள் பஸ்ஸுக்குப் போனேன். முதல் பஸ் நிற்காமல் போயிற்று. இரண்டாவது பஸ்ஸின் கண்டக்டர் என்னையும் வண்டியையும் பார்த்து, “சேச்சி, அடுத்ததில் வா” என்றார். ஆட்டோவில் திரும்பினேன், ஆட்டோவிலும் அது பாதி வெளியே நீட்டிக்கொண்டுதான் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம் அதில் தேங்காய் சுமந்தோம். அந்த வேலைக்கு நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது மடிப்பு. எடையைவிட இது முக்கியம் என்றுகூடச் சொல்வேன். காரணம் நம் எல்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சொந்தபந்தம் இரண்டு பக்கமும் இருக்கிறது. பஸ்தான் களியக்காவிளையில் மாறுகிறது. கோட்டுகாலிலிருந்து மார்த்தாண்டத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் பாலராமபுரத்தில் ஒரு மாற்றம், களியக்காவிளையில் ஒரு மாற்றம். மூன்று பஸ், மூன்று தடவை மடக்கி மூன்று தடவை விரிக்க வேண்டும். திரும்பி வரும்போது இன்னொரு மூன்று. ஒரு நாளைக்கு ஆறு மடிப்பு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கையும் ஒரு காலும் வேண்டுமென்றால் அந்த ஆறு தடவையும் பிள்ளையை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். கூட ஆள் இல்லாத நாளில் யாரிடம் கொடுப்பீர்கள்?

சந்தையில் இருப்பவை பெரும்பாலும் மூன்று வகை மடிப்பு. குடை போல நீளமாகச் சுருங்குவது ஒன்று. புத்தகம் மூடுவது போல இரண்டாக மடிவது இன்னொன்று. சின்னப் பெட்டி அளவுக்கு மூன்றாக மடிவது மற்றொன்று.

குடை மடிப்புக்குச் சுவையான பிறப்பு. ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், இரண்டாம் உலகப் போர் காலத்து ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு மகளும் பேரக்குழந்தையும் வந்து இறங்கியபோது அவர்கள் கொண்டுவந்த வண்டி தூக்க முடியாத பாரமாக இருந்ததைப் பார்த்தார். பறக்கும்போது விமானச் சக்கரம் மடங்கி வயிற்றுக்குள் போகிற வித்தை தெரிந்தவருக்கு இது ஒரு பொருட்டா? 1965இல் அலுமினியக் குழாயில் ஒரு வண்டிக்குக் காப்புரிமை கேட்டார். அதன் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. இன்று நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் குடை மடிப்பு வண்டிகளெல்லாம் அந்த வம்சம்தான். மடக்கினால் நீளமாக ஒரு கட்டு கரும்பு போல நிற்கும், காலோரம் சாய்த்துக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலானவற்றில் சாய்வு குறைவு, மடக்க இரண்டு கையும் காலும் வேண்டும்.

பெட்டி மடிப்பு புதியது. விமானக் கேபினுக்குள் கொண்டுபோகிற மாதிரி 2012இல் ஃபிரான்ஸின் பேபிசென் நிறுவனம் ‘யோயோ’வைக் கொண்டுவந்தது. மடக்கினால் 52 சென்டிமீட்டருக்கு 44, தடிமன் 18. அதைப் பார்த்து இப்போது இந்தியப் பிராண்டுகளும் அதே அச்சில் செய்கின்றன, விலையும் இறங்கியிருக்கிறது. நம் பஸ்ஸுக்கு நான் சொல்வது இதைத்தான். குடை மடிப்பைவிட ஒன்றிரண்டு கிலோ கூடுதலாக இருந்தாலும் ஒற்றைக் கையால் மடங்கும், தோளில் மாட்ட வார் இருக்கும். வார் இல்லாத மாடலை எடுக்காதீர்கள். கையில் தூக்குகிற ஆறு கிலோவும் தோளில் தொங்குகிற ஆறு கிலோவும் ஒன்றாகாது. தோளில் தொங்கினால்தான் ஒரு கை பிள்ளைக்கும் மறு கை பஸ் கம்பிக்கும் மிஞ்சும். புத்தக மடிப்பு கார்க்காரர்களுக்கு.

மடிப்பில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதைச் சிறியதாக நினைக்காதீர்கள். 2009 நவம்பரில் அமெரிக்காவில் மக்லாரன் நிறுவனமே ஏறத்தாழ 10 லட்சம் வண்டிகளுக்கு மாற்று உறை கொடுக்க வேண்டி வந்தது. விரிக்கும்போது கீல் இடுக்கில் மாட்டி 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டாகியிருந்தது. கீல் இருக்கிற எந்த வண்டியும் இதைச் செய்யும். பிள்ளையை எடுத்து ஒக்கலில் வைத்த பிறகு மடக்குங்கள். விரித்து, பூட்டு ‘டக்’ என்று விழுந்த சத்தம் கேட்ட பிறகு உட்காரவையுங்கள். பக்கத்தில் மூத்த பிள்ளை நின்றால் அதன் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாங்கும்போது கீலின் மேல் உறை இருக்கிறதா என்று விரலை வைத்துத் தடவிப் பார்க்கலாம்.

இனி பஸ். கே.எஸ்.ஆர்.டி.சி. ஆர்டினரியிலும் ஃபாஸ்ட் பாசஞ்சரிலும் விரித்த வண்டிக்கு இடம் கிடையாது. இருந்தாலும் வைக்கக் கூடாது. அதைக் கட்டிவைக்க ஒரு கொக்கியும் இல்லாத இடத்தில் சடன் பிரேக் போட்டால் வண்டியும் பிள்ளையும் டிரைவர் பக்கம் போய்ச் சேரும். பஸ் தூரத்தில் தெரிந்ததுமே மடக்கித் தோளில் மாட்டிவிடுங்கள். மடக்கிய வண்டியோடு நிற்கிறவரைப் பார்த்தால் கண்டக்டருக்கும் மனசு இறங்கும். விரித்த வண்டியோடு நின்றால் தூரத்திலேயே முகம் மாறும். ஏறியதும் ‘அம்மயும் குஞ்ஞும்’ என்று எழுதிய இருக்கையைத் தேடுங்கள். அது உங்களுடையது. உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கக் கூச்சம் வேண்டாம். “சேட்டா, குஞ்ஞுண்டு” என்றால் போதும், எழுந்துவிடுவார்கள். எழும்பாவிட்டால் கண்டக்டரிடம் சொல்லலாம். பெட்டி மடிப்பு முழங்காலுக்கு முன்னால் நிற்கும். டிரைவர் பக்கத்து எஞ்சின் மூடியின் மேல் மட்டும் வைக்காதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகும், டிரைவரின் கியருக்கும் இடைஞ்சல்.

திருவனந்தபுரம் நகரத்துக்குள் லோஃப்ளோர் பஸ்ஸில் படி தாழ்வு, நடுவில் ஒரு காலி இடமும் இருக்கலாம். அந்த இடம் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு. இங்கிலாந்தில் இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன விவகாரம். 2012இல் டக்ளஸ் பாலி என்ற சக்கர நாற்காலிக்காரர் லீட்ஸ் போகிற பஸ்ஸில் ஏற முயன்றார். அந்த இடத்தில் தூங்குகிற குழந்தையோடு ஒரு வண்டி நின்றது, அந்தத் தாய் நகர்த்த மறுத்துவிட்டார். நகரச் சொல்லிக் கேட்டதோடு டிரைவர் நிறுத்திக்கொள்ளக் கூடாது, அதற்கு மேலும் வற்புறுத்திப் பார்க்க வேண்டும் என்று 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அந்தத் தாயின் சங்கடம் எனக்குப் புரிகிறது. தூங்குகிற பிள்ளையை எழுப்புவது பாவம்தான். ஆனால் நாம் மடக்கலாம், அவரால் தன் நாற்காலியை மடக்க முடியாதே.

ரயிலுக்கு வருவோம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகிற பாதை 1979இல் திறந்தது. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை, அப்புறம் குழித்துறை என்று நமக்கு வசதியான நிலையங்கள். ஐந்து வயதுக்குள் பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். பஸ்ஸைவிட ஆட்டம் குறைவு, கழிப்பறை உண்டு, திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கினால் பஸ் ஸ்டாண்டு எதிரிலேயே. கைக்குழந்தைக்காரர்களுக்கு ரயில்தான் நல்லது என்பது என் கட்சி. காலையில் ஆபீஸ் கூட்டம் ஏறுகிற வண்டியை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததில் போங்கள்.

சிக்கல் இரண்டு இடத்தில். ஒன்று ஏறுகிற இடம். பெட்டியின் படி செங்குத்து. பிளாட்பாரம் தாழ்ந்திருக்கிற இடத்தில் முழங்காலுக்கு மேல் காலைத் தூக்க வேண்டும். இரண்டு பேர் என்றால் பிள்ளையோடு ஒருவர் முதலில் ஏற வேண்டும், மற்றவர் வண்டியை உள்ளே நீட்ட வேண்டும். தனியாகப் போகும்போது பிள்ளையை உள்ளே வைத்துவிட்டு வண்டியை எடுக்கக் கீழே இறங்குகிற காரியம் கனவிலும் வேண்டாம்; ரயில் நகர்ந்துவிடும். இங்கேதான் அந்த வேட்டி. பிள்ளையை உடம்போடு கட்டி, வண்டியைத் தோளில் மாட்டினால் இரண்டு கையும் கம்பியைப் பிடிக்க மிஞ்சும்.

இன்னொன்று காத்திருக்கிற இடம். 2009 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் ஆஷ்பர்டன் ரயில் நிலையத்தில் ஒரு தாய் கைப்பிடியிலிருந்து கையை எடுத்த சில நொடியில் வண்டி தானாக உருண்டு, வருகிற ரயிலின் முன்னால் தண்டவாளத்தில் விழுந்தது. கேமராவில் பதிவான அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. ஆறு மாதக் குழந்தை நெற்றியில் ஒரு காயத்தோடு தப்பியது. தட்டையாகத் தெரிகிற பிளாட்பாரத்திலும் தண்ணீர் வடிய ஏதாவது ஒரு பக்கம் சரிவு இருக்கும். நின்றதும் பிரேக்கை மிதியுங்கள். வண்டியைத் தண்டவாளத்துக்கு நேராக இல்லாமல் இணையாகத் திருப்பி நிறுத்துங்கள். கைப்பிடியில் ஒரு துணி நாடாவைக் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. ஒரு முழம் நாடா போதும், எந்தக் கடையிலும் கேட்டு வாங்க வேண்டாம்.

சென்னையிலோ கொச்சியிலோ மகன் வீட்டில் போய் நிற்கிற பாட்டிமாருக்கு ஒரு வார்த்தை. மெட்ரோவில் லிஃப்ட் உண்டு, பிளாட்பாரமும் பெட்டியும் ஒரே மட்டம். விரித்த வண்டியை அப்படியே தள்ளிக்கொண்டு போகலாம். கொச்சி வாட்டர் மெட்ரோவில் ஜெட்டியே தண்ணீரில் மிதந்து படகோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. அங்கே பழகிய கையோடு ஊருக்கு வந்து பாறசாலையில் அதே மாதிரி தள்ளப் பார்க்காதீர்கள்.

சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆறு கிலோ வண்டிக்குச் சின்னச் சக்கரம்தான் இருக்கும், அது தவிர்க்க முடியாது. நம் இடவழிகளில் செம்மண்ணும் சரளையும், ஓடையை மூடிய சிலாப்பின் இடுக்கும் அதற்கு எதிரி. இடுக்கைத் தாண்டும்போது கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தை மேலே தூக்கிக் கடக்க வேண்டும். முன்சக்கரம் சுழலாமல் பூட்டுகிற வசதி இருந்தால் சரளையில் உதவும். முக்கோலையிலிருந்து காரோடு வரை போகிற கான்கிரீட் பைபாஸைப் பார்த்தால் வண்டி தள்ள ஆசை வரும். வேண்டாம். அது லாரி பறக்கிற ரோடு; பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில் போங்கள். ஆழிமலைக்கோ சொவ்வரைக்கோ கடற்கரைக்குப் போனால் மணலில் எந்தச் சக்கரமும் உருளாது. திருப்பிப் பிடித்து இழுத்தால் கொஞ்சம் வரும். அதற்கு ஒக்கலே மேல்.

கைப்பிடியில் பையை மாட்டுகிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. பிள்ளை உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பிள்ளையைத் தூக்கினதும் வண்டி பின்னால் கவிழும். சில சமயம் பிள்ளை உள்ளே இருக்கும்போதே ஏற்றத்தில் கவிழும். பை கீழே இருக்கிற கூடையில்தான்.

வெயிலுக்கு மேலே துணி போடுவதைப் பற்றி எல்லா அம்மாச்சிகளோடும் நான் சண்டை போட்டிருக்கிறேன். காற்றுப் புகாமல் மூடினால் உள்ளே அடுப்புதான். சிட்னி பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வில், உலர்ந்த மெல்லிய மஸ்லின் துணியால் மூடினாலே வண்டிக்குள் வெப்பம் இரண்டரை டிகிரிக்கு மேல் ஏறியது. துணியை நனைத்துச் சின்ன விசிறியும் வைத்தபோது இறங்கியது. நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் நனைத்த துணியும் அவ்வளவு குளிர்ச்சி தராது. அகலமான கூரையும் முதுகுப் பக்கம் வலைத்துணியும் இருக்கிற வண்டியைப் பார்த்து எடுங்கள். நிழலில் போங்கள், அடிக்கடி பிள்ளையின் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். மழைக்கு விற்கிற பிளாஸ்டிக் உறையும் இப்படித்தான். கூரைக்குள் வந்ததும் உடனே கழற்ற வேண்டும். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று இரண்டையும் வாங்குகிற ஊர் நம்முடையது. பெருமழையில் வண்டியை வீட்டில் விட்டுவிடுங்கள்.

உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். சட்டம் அலுமினியமாக இருந்தாலும் ஆணியும் ஸ்பிரிங்கும் இரும்புதான். கடற்கரைக்குப் போய்வந்த நாளில் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, கீலில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். இருக்கைத் துணி கழற்றித் துவைக்கக் கூடியதாக இருக்கட்டும். கழற்ற முடியாத துணி ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பூத்துவிடும்.

பழைய வண்டி வாங்குவதில் தப்பில்லை. வளைகுடாவிலிருந்து வந்த நல்ல வண்டிகள் வீட்டு மச்சில் தூங்குகின்றன. ஐரோப்பாவில் செய்தது என்றால் ‘இ.என். 1888’ என்ற தர எண் பட்டையில் இருக்கும். அந்தத் தரத்தின் முதல் பகுதி 15 கிலோ வரையான பிள்ளைகளுக்கு, இரண்டாம் பகுதி 22 கிலோ வரைக்கும். எண்ணைவிடச் சோதனைதான் முக்கியம். பத்துக் கிலோ அரிசிச் சாக்கை உட்காரவைத்து, பிரேக் போட்டு, வீட்டு முற்றத்துச் சரிவில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். ஒரு அங்குலம் நகர்ந்தாலும் வேண்டாம். பட்டி ஐந்து இடத்தில் கட்டுவதாக இருக்க வேண்டும்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, காலிடுக்கில் ஒன்று. இடுப்பில் மட்டும் கட்டுகிற பட்டியிலிருந்து ஒரு வயசுப் பிள்ளை எழுந்து நின்றுவிடும், நின்றால் குதிக்கும்.

புது வண்டிக்குக் கடைக்குப் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, வழக்கமாக எடுக்கிற பையையும் நிரப்பி எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளையை ஒக்கலில் வைத்தபடியே வண்டியை மடக்குங்கள். விற்பனைப் பெண் உதவ வந்தால், “இரு மக்களே, பஸ்ஸில் நீ வரமாட்டாயே” என்று சொல்லுங்கள். மடக்கித் தோளில் மாட்டி, கடை வாசல் படியில் இறங்கி ஏறிப் பாருங்கள். ஒரு தடவை யாரும் ஏறுவார்கள். மூன்று தடவை ஏறுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். பிடித்துப்போனால் பில்லில் மாடல் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். முன்சக்கரம்தான் முதலில் தேயும். மாற்றுச் சக்கரம் கேட்டுப் போகிற நாளில் அந்த எண் இல்லாமல் ஒன்றும் நடக்காது.